இரைப்பையைச் சுருக்கினால் பசி சுருங்குமா?

பெரம்பலூர் வட்டாரத்தில் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் ஆகியவை விளைகின்றன. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும் இருக்கின்றன. வெயிலில் பாடுபடும் மக்கள் நிறைந்த மாவட்டங்கள் இவை. இங்கே யாராவது உடல் பருமனுக்கு ஆபரேஷன் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னால், "வாயைக் கட்டினால் போதாதா? இதற்கு ஓர் ஆபரேஷனா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதற்கான விடை நாம் நினைப்பதைவிடச் சற்றுச் சிக்கலானது.

பருமன் பணக்கார நகரத்தாரின் நோய் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் பெரிய ஆய்வு ஒன்றின் முடிவுகள் 2023-இல் வெளிவந்தன. கிராமம், நகரம் இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டதில், நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது. வயது வந்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேருக்கு வயிற்றுப் பகுதியில் கொழுப்பு மிகுந்திருந்தது.

ஒருவர் பருமனா இல்லையா என்பதை எப்படி அளப்பது? எடையைக் கிலோகிராமிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்துக்கொள்ளுங்கள். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறை எண். 1.6 மீட்டர் உயரமுள்ள ஒருவரின் எடை 102.4 கிலோ என்றால், 102.4-ஐ 2.56-ஆல் வகுக்க, 40 வரும். வெகுகாலம் இந்த 40-தான் அறுவைக்கு எல்லையாக இருந்தது. நீரிழிவு போன்ற நோய்கள் உடன் இருந்தால் 35. உலக அறுவை மருத்துவர் அமைப்புகள் 2022-இல் இந்த எல்லையைத் தளர்த்தின. நம்மைப் போன்ற ஆசிய மக்களுக்கு இன்னும் குறைந்த எண்ணிலேயே நீரிழிவு வந்துவிடுவதால், 27.5 முதலே அவரவர் உடல்நிலையைப் பார்த்து யோசிக்கலாம் என்றன. இது அழகுக்காகச் செய்துகொள்ளும் சிகிச்சை அன்று என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

சரி, வாயைக் கட்டினால் என்ன ஆகிறது? உணவைக் குறைத்தவுடன் எடையும் குறையத்தான் செய்கிறது. ஆனால் உடல் இதைப் பஞ்சம் என்று எண்ணிக்கொள்கிறது. பஞ்சத்தில் பிழைத்திருக்கப் பழகிய உடல் அல்லவா நம்முடையது? உடனே இரைப்பை 'கிரெலின்' என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. அது மூளைக்குப் போய்ப் பசியைக் கிளப்புகிறது. 1999-இல் ஜப்பானிய அறிவியலாளர்கள் கோஜிமாவும் கங்காவாவும் இதைக் கண்டுபிடித்தார்கள். எடை குறையக் குறையப் பசி கூடும். உடல் செலவிடும் ஆற்றலோ குறையும். ஆகவே மிகுந்த பருமனுள்ளவரைச் சோம்பேறி என்றும் தின்னி என்றும் கேலி பேசுவது அறிவியலுக்கே பொருந்தாத பேச்சு.

அறுவை வைத்தியர்கள் இந்த வழிக்கு வந்ததும் ஒரு சுவையான கதை. 1954-இல் அமெரிக்காவில் சிறுகுடலின் பெரும்பகுதியை உணவு தொடாதபடி இணைப்பை மாற்றிப் பார்த்தார்கள். எடை இறங்கியது. கூடவே ஓயாத வயிற்றுப்போக்கும் கல்லீரல் கேடும் சிறுநீரகக் கற்களும் வந்தன. அந்த முறை கைவிடப்பட்டது. பின்னர் அயோவா பல்கலைக்கழகத்து அறுவை மருத்துவர் எட்வர்ட் மேசன் ஒன்றைக் கவனித்தார். புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதி நீக்கப்பட்ட நோயாளிகள் மெலிந்தே இருந்தார்கள். அதை வைத்து 1966-இல் அவரும் இட்டோ என்பவரும் இரைப்பை பைபாஸ் முறையை உருவாக்கினர்.

இன்று பரவலாகச் செய்யப்படுபவை இரண்டு. ஒன்றில், இரைப்பையை நீளவாக்கில் வெட்டி முக்கால் பங்குக்கும் மேல் எடுத்துவிடுகிறார்கள். எஞ்சுவது ஒரு வாழைப்பழம் போன்ற குழல். கிரெலின் மிகுதியாகச் சுரக்கும் மேற்பகுதி வெட்டப்பட்டுப் போவதால் பசியும் தணிகிறது. மற்றொன்று பைபாஸ். இரைப்பையின் உச்சியில் முட்டையளவு பை ஒன்றைப் பிரித்து, அதை நேரே சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைக்கிறார்கள். உணவு குடலின் கீழ்ப்பகுதிக்கு விரைவில் போய்ச் சேர்வதால், இன்சுலினைத் தூண்டும் குடல் ஹார்மோன்கள் பெருகுகின்றன. பல நீரிழிவு நோயாளிகளுக்கு எடை குறையும் முன்பே, சில நாட்களில் இரத்தச் சர்க்கரை இறங்கிவிடுவதை வால்டர் போரீஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1995-இல் எடுத்துக் காட்டியபோது மருத்துவ உலகம் வியந்தது. அந்த ஹார்மோன்களுள் ஒன்றைப் போலச் செயல்படும் ஊசி மருந்துகள்தாம் 2025-இல் எடை குறைப்புக்கென்று இந்தியக் கடைகளுக்கு வந்திருப்பவை.

அறுவைக்கு முன் நோயாளி என்ன செய்ய வேண்டும்? இதயம், நுரையீரல், தைராய்டு எல்லாம் சோதிக்கப்படும். இரும்புச் சத்தும் வைட்டமின்களும் குறைவாக இருந்தால் முன்பே சரிசெய்யப்படும். பீடி, சிகரெட் பழக்கமிருந்தால் பல வாரங்களுக்கு முன்பே நிறுத்தியாக வேண்டும். புகை பிடிப்பவரின் தையல் எளிதில் ஆறாது. மூன்று பந்துகள் உள்ள ஒரு சிறு பிளாஸ்டிக் கருவியைக் கொடுத்து, மூச்சை உள்ளிழுத்துப் பந்துகளை எழுப்பச் சொல்வார்கள். மயக்க மருந்துக்குப் பிறகு நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிக்கொண்டு சளி கட்டாமலிருக்க இந்தப் பயிற்சி.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இரண்டு வாரக் கஞ்சிக்கட்டுதான். சோறு, இட்லி, சர்க்கரை, எண்ணெய் ஆகியவற்றை வெகுவாகக் குறைத்துப் புரத உணவை மட்டும் அளவோடு கொடுப்பார்கள். எடையைக் குறைக்கத்தானே என்று நினைக்கலாம். உண்மைக் காரணம் கல்லீரல். அதன் இடது மடல் இரைப்பையின் மேல் கவிந்து கிடக்கிறது. பருமனானவர்களுக்கு அது கொழுப்பேறி வீங்கியிருக்கும். அறுவையின்போது அதைத் தூக்கிப் பிடித்தால்தான் இரைப்பை தெரியும். கல்லீரலில் கிளைக்கோஜன் சேமிக்கப்படுவதை உயிரியலில் படித்திருப்பீர்கள். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் ஏறத்தாழ 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. மாவுச்சத்தை நிறுத்தினால் கிளைக்கோஜன் கரைகிறது, நீரும் வெளியேறுகிறது, கொழுப்பும் கொஞ்சம் குறைகிறது. கல்லீரல் இளகிச் சிறுத்துவிடுகிறது. கடைசி நாளில் ஆசைக்கு ஒரு பிரியாணி விருந்து என்று யாராவது தொடங்கினால், அதற்கான விலையை மறுநாள் மருத்துவர்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.

அறுவை வயிற்றைக் கிழித்துச் செய்யப்படுவதில்லை. சிறு துளைகள் வழியே லேப்ராஸ்கோப் என்ற காமிராக் குழாயும் கருவிகளும் செல்கின்றன. இம்முறையில் இந்தியாவின் முதல் பித்தப்பை அறுவையை 1990-இல் மும்பை ஜே. ஜே. அரசு மருத்துவமனையில் செய்தவர் டாக்டர் டெஹெம்டன் உத்வாடியா. வயிற்றுக்குள் இடம் கிடைப்பதற்காகக் கார்பன் டை ஆக்சைடு செலுத்துகிறார்கள். அந்த வாயு ஏன்? மின்சூட்டால் இரத்தக் குழாய்களை அடைக்கும்போது அது தீப்பற்றாது. இரத்தத்தில் எளிதில் கரைந்து மூச்சு வழியே வெளியேறிவிடும். வெட்டிய இரைப்பையை டைட்டேனியம் ஊசிகளால் ஸ்டேப்ளர் அடிப்பதுபோல் அடித்து மூடுகிறார்கள். தேர்ந்த மையங்களில் இதனால் உயிரிழப்பு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில்தான். ஆனாலும் அந்த ஒன்று பூஜ்யம் அன்று.

அன்று மாலையோ மறுநாளோ நோயாளியை எழுப்பி நடக்கவைப்பார்கள். கால் நரம்புகளில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போய்விடக் கூடாது அல்லவா? சில நாட்களில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். திருச்சியிலோ சென்னையிலோ கோவையிலோ செய்துகொண்டவர் குன்னத்துக்கோ செந்துறைக்கோ ஜெயங்கொண்டத்துக்கோ திரும்பிவிட்டால், அதன்பிறகு அடுக்களைதான் மருத்துவமனை.

முதலில் தெளிந்த ரசம், பருப்புத் தண்ணீர், நீர்மோர் போன்றவற்றைச் சங்கில் புகட்டுவதுபோல மிடறு மிடறாகக் குடிக்க வேண்டும். பிறகு பால், புரதப் பொடி கரைத்த பானம், அடுத்துக் குழைய மசித்தவை, பிறகு மென்மையானவை. வழக்கமான உணவுக்கு வர ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகலாம். அப்போதும் ஒரு வேளைக்குச் சிறு கிண்ணம்தான் கொள்ளும். ஆனால் நாளொன்றுக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும். ஒரு முட்டையில் இருப்பது 6 கிராம். கணக்குப் போட்டுப் பாருங்கள்! நம் இலையில் சோறு மலைபோலவும் கூட்டு மூலையிலும் இருக்கும். இவர்களுக்கு அது தலைகீழாக வேண்டும். முட்டை, மீன், கோழி, பருப்பு, தயிர் முன்னே. சோறு இடமிருந்தால் கடைசியில். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது. அரைமணி நேரம் கழித்துத்தான்.

கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்து ஒரு குவளைப் பாயசம் குடித்தால் என்ன ஆகும்? பைபாஸ் செய்தவருக்குச் சர்க்கரைக் கரைசல் மொத்தமாகச் சிறுகுடலில் இறங்கும். உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் போட்டுச் சவ்வூடு பரவலைச் சோதித்திருப்பீர்களே, அதேதான். அடர்கரைசல் இரத்தத்திலிருந்து நீரைக் குடலுக்குள் இழுக்கிறது. படபடப்பு, வியர்வை, வயிற்றுவலி, தலைசுற்றல் எல்லாம் வரும். "இன்னும் ஒரு கரண்டி" என்று பாசத்தோடு வற்புறுத்தும் அத்தைமாருக்கு இதை எடுத்துச் சொல்லும் வேலையை நீங்கள் ஏற்கலாம்.

ஓராண்டு, ஈராண்டில் எடையில் கால் பங்குக்கும் மேல் குறைவது வழக்கம். நாம் கணக்கிட்ட 102 கிலோக்காரர் 76 கிலோவுக்கு அருகில் வந்துவிடலாம். சிலருக்குப் பின்னர் ஓரளவு எடை திரும்புவதும் உண்டு. மூன்று மாதத்துக்குப் பின் தலைமுடி கொட்டும். போதிய புரதம் இருந்தால் பெரும்பாலும் மீண்டும் வளரும். நீரிழிவு மாத்திரையைப் பழைய அளவிலேயே விழுங்கினால் சர்க்கரை ஆபத்தாகத் தாழ்ந்துபோகும் என்பதால், மருத்துவர் சொன்ன புதிய அளவைத்தான் பின்பற்ற வேண்டும்.

நல்லபடியாக மெலிந்துவிட்டோம் என்று மாத்திரைகளை நிறுத்திவிடுவதுதான் பெரிய ஆபத்து. வைட்டமின் பி12-ஐக் குடல் உறிஞ்ச இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதம் தேவை. இரைப்பை குறைந்தால் அதுவும் குறைகிறது. இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆகியவையும் அப்படியே. ஆயுள் முழுதும் இவற்றை மருந்தாக எடுத்து, ஆண்டுதோறும் இரத்தம் சோதிக்க வேண்டும். பி12 குறைவு மெல்ல வரும். கால் மரத்துப்போகும்போதுதான் தெரியும். தயமின் எனப்படும் பி1 அப்படிக் காத்திருக்காது. விடாமல் வாந்தி எடுப்பவருக்குச் சில வாரங்களிலேயே அது தீர்ந்து, கண் அசைவும் நடையும் நினைவும் தடுமாறும். உடனே ஊசி போடாவிட்டால் மூளைக்கு நிலையான கேடு. தொடர் வாந்தி, காய்ச்சல், ஓயாத படபடப்பு, கடும் வயிற்றுவலி, ஒரு காலில் மட்டும் வீக்கம், மூச்சுத்திணறல் இவற்றில் எது கண்டாலும் விடியட்டும் என்று இருக்கக் கூடாது.

இரவில் அப்படி ஓடிப்போகும் அரசு மருத்துவமனையில் பணியிலிருக்கும் மருத்துவர் நோயாளியை முன்பின் பார்த்திராதவர். எந்த அறுவை, எப்போது, எங்கே செய்தது என்ற சீட்டு கையில் இருந்தால் அவர் வேலை பாதி முடிந்ததுபோல. மூட்டுவலிக்கென்று மருந்துக்கடையில் மாத்திரை கேட்கும்போதும் அதே சீட்டைக் காட்ட வேண்டும். வழக்கமான வலி மாத்திரைகள் பல, அந்தச் சின்னஞ்சிறு பையின் தையலில் புண்ணை உண்டாக்கிவிடும்.