மிடற்று நோவும் தெளிமருந்தும்

மக்கள் யாக்கையில் ஒரே வழியைப் பல தொழிலுக்கு விட்டிருக்கும் இடம் மிடறு. உண்ணும் சோறும் பருகும் நீரும் உட்செல்வதும், உயிர்ப்பு வந்து போவதும், சொல் பிறப்பதும் அதனிடத்தேயாம். எழுத்துக்களின் பிறப்பை உரைக்கப் புகுந்த தொல்காப்பியனார், உந்தியினின்று எழும் காற்று நிலைபெறும் இடங்களாகத் தலை, மிடறு, நெஞ்சு என்னும் மூன்றனைக் கூறி, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பவற்றையும் கூட்டி எட்டாக எண்ணினார். இவ்வெட்டனுள் நாவிலோ அண்ணத்திலோ மிடற்றிலோ சிறு புண் தோன்றினும் உண்ணலும் உறங்கலும் பேசலும் ஒருங்கே கெடும். அந்நோவை உடனே ஆற்றுதற்கென மருந்துக் கடைகளில் 'ஸ்பிரே' என்னும் சிறு புட்டி விற்கப்படுகின்றது. அழுத்தினால் நுண்துளியாகச் சிதறும் இதனைத் 'தெளிமருந்து' என வினைத்தொகையாக ஈண்டு வழங்குவோம்.

தெளிமருந்தெல்லாம் ஓரினத்தன அல்ல. 1960-களில் இத்தாலி நாட்டில் ஆக்கப்பெற்ற பென்சிடமின் என்பது அழற்சியைத் தணிப்பதோடு சிறிது மரப்பையும் தரும். லிடோகெய்ன், பென்சோகெய்ன் முதலியன மரக்கச் செய்தலையே தொழிலாக உடையன; லிடோகெய்னுக்கு நம் நாட்டில் லிக்னோகெய்ன் என்றும் பெயர். வேறு சிலவற்றில் பினால் இருக்கும். 1865-இல் கிளாஸ்கோ நகரில் லிஸ்டர் என்னும் அறுவை மருத்துவர் புண் சீழ்ப்பிடியாதிருக்க இட்ட கார்பாலிக் அமிலமே இப்பினால். செறிவு மிக்கபோது தோலை எரிக்கவல்ல அது, தெளிமருந்தில் நூற்றுக்கு 1.4 பங்களவே சேர்க்கப்படுகின்றது. புட்டியின்மேல் வணிகப் பெயர் பெரிய எழுத்திலும் மருந்தின் பெயர் சிறிய எழுத்திலும் அச்சிட்டிருக்கும். நாம் முதலிற் படிக்கவேண்டுவது சிறிய எழுத்தையே.

மரப்பு மருந்தின் வரலாறு வியன்னாவில் தொடங்குகின்றது. 1884-இல் கார்ல் கொல்லர் என்னும் இளம் மருத்துவர் கோகெயின் கரைசலைக் கண்ணில் இட்டு, நோயாளி விழித்திருக்கும்போதே நோவின்றிக் கண்ணை அறுக்கலாம் எனக் காட்டினார். அம்மருந்து மனிதரை அடிமைப்படுத்தும் இயல்பினது என்பது விரைவில் வெளிப்படவே, தீங்கு குறைந்தவற்றை நாடிப் பலர் உழைத்தனர். 1943-இல் சுவீடன் நாட்டு நில்ஸ் லோஃப்கிரேன் லிடோகெய்னை ஆக்கியது அவ்வுழைப்பின் பயனேயாம். அது செய்வது யாதெனின், நோவுச் செய்தி நரம்பின்வழிச் செல்வதற்குச் சோடியத் துகள்கள் நரம்புச் சுவரின் நுண்வாயில்களிற் புகவேண்டும். மருந்து அவ்வாயில்களை அடைத்துவிடும். செய்தி மூளைக்கு எட்டாமையின் நோவு தீர்ந்தது என்று எண்ணுகிறோம். புண்ணோ இருந்தபடியே இருக்கின்றது.

நோவு மட்டுமா மரக்கின்றது? சூடும் தொடுவுணர்வும் உடன் மரக்கும். கொதிக்கும் காப்பி நாவைச் சுடினும் தெரியாது. தன் பல்லே தன் கன்னத்தைக் கடித்தாலும் தெரியாது. இவற்றினும் பெரியதொன்று உண்டு. உண்ட பொருள் வழிதவறிக் குரல்வளையுட் புகுமாயின், உடம்பு இருமலை எழுப்பி அதனைப் புறந்தள்ளும். இதனையே புரையேறுதல் என்கிறோம். புரையேறினால் யாரோ நம்மை நினைக்கின்றனர் என்பது நம் வீட்டுப் பெரியோர் வழக்கு. நினைப்பவர் யாவராயினும் அவ்வேளை நம்மைக் காப்பது இருமலே. மிடறு மரத்திருக்கும்போது அக்காவலும் தளர்ந்துவிடும். ஆதலின் லிடோகெய்ன் போன்ற மரப்பு மருந்து தெளித்தபின் ஒரு மணி நேரமேனும், மரப்பு முற்றும் நீங்குங்காறும் உண்ணாதிருத்தல் வேண்டும். விடுதியில் உணவு மணி அடிப்பதற்குச் சற்று முன்னர் இதனைத் தெளித்துக்கொள்வது தகாது.

தெளிக்கும் முறையும் அறியத்தக்கது. புதிய புட்டியாயின் முதலில் சிலமுறை வெறுவெளியில் அழுத்தி, துளி சீராக வருகின்றதா எனக் காணவேண்டும். பின் நிமிர்ந்து அமர்ந்து, வாயை அகலத் திறந்து, மூச்சை அடக்கி, நோவுள்ள இடத்தை நோக்கி அழுத்துக. மூச்சை உள்ளிழுத்துக்கொண்டே தெளித்தால் மருந்து நுரையீரலுக்குச் செல்லும். ஆஸ்துமா நோயாளர் வாய்வழி உறிஞ்சும் மருந்தும் இதுவும் ஒன்றென மயங்குதல் கூடாது. அது மூச்சோடு இழுத்தற்குரியது, இஃது அன்று. பினால் கலந்ததாயின், சிறிது நேரம் வாயில் இருத்திப் பின் உமிழ்ந்துவிடவேண்டும். ஒரு புட்டியை அறை நண்பர் அனைவரும் பயன்படுத்துதல் நட்பன்று, நோய்ப் பங்கீடு.

அளவைப் பொறுத்தவரை ஒரு மருந்தின் கணக்கு மற்றொன்றற்குப் பொருந்தாது. நூற்றுக்கு 0.15 பங்கு பென்சிடமின் உள்ள புட்டியாயின், வளர்ந்தோர்க்கு ஒருமுறைக்கு 4 முதல் 8 தெளிப்புவரை, ஒன்றரை முதல் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை என்பர். அதே மருந்து இருமடங்கு செறிவிலும் விற்கப்படுதலால், எண்ணிக்கையை நண்பன் வாய்ச்சொல்லாற் கொள்ளாது ஒட்டிய சீட்டினாற் கொள்க. 10 பங்கு லிடோகெய்னில் ஒரு தெளிப்பே 10 மில்லிகிராம். அது பெரும்பாலும் மருத்துவர் கையில் இருக்கவேண்டிய கருவி. மிடற்றின் மெல்லிய தோல் அதனை விரைந்து குருதியிற் சேர்க்கும். மிகுந்தால் காது இரையும், தலை சுழலும், வலிப்பும் நேரும், இதயத் துடிப்பும் பிறழும்.

பென்சோகெய்னின் தீங்கு வேறு வகையது. அரிதாக, அது குருதியின் செந்நிறப் பொருளை மாற்றி, உயிர்வளியைச் சுமக்கவொட்டாது செய்யும். குருதி பழுப்பாகும், உதடும் நகமும் நீலம் பாரிக்கும். இதற்கு மாற்று மெதிலீன் நீலம் என்னும் மருந்து. நீலத்தை நீலமே தீர்ப்பது வியப்பன்றோ! இத்தீங்கு கருதி, இரண்டு வயதிற்குட்பட்ட குழந்தைகளின் பல் முளைக்கும் நோவுக்குப் பென்சோகெய்ன் பயன்படுத்தலாகாது என 2018-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்தது. வீட்டில் தம்பி தங்கையர் உடையார் இதனை நினைவிற் கொள்க. ஆஸ்பிரின் முதலிய மருந்துகளால் மூச்சிரைப்பு வருவோர் பென்சிடமினையும் மருத்துவரைக் கேளாது தொடுதல் கூடாது.

இனி, மறைந்திருக்கும் இடரைக் கூறுவாம். தொண்டை நோவிற் பெரும்பகுதி வைரஸ் என்னும் நுண்ணுயிரால் வருவது. ஏறக்குறைய ஒரு வாரத்தில் தானே தணியும். வெந்நீரில் உப்பிட்டுக் கொப்பளித்தலும் ஓய்வும் போதும். ஆயின் ஸ்டிரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியால் வருவதும் உண்டு. இருமலின்றிக் காய்ச்சல் கடுமையாதல், கழுத்துக் கணுக்கள் வீங்கி நோதல், அடிநாச் சதையில் வெண்படலம் படர்தல் ஆகியன அதன் குறிகள். அதனைத் தக்க மருந்தால் தீர்க்காதுவிடின், சிலர்க்கு, சிறப்பாக 5 முதல் 15 வயதினர்க்கு, இரண்டு மூன்று வாரம் கழித்து மூட்டு வீங்கிக் கீல்வாதக் காய்ச்சல் தோன்றி, இதயத்தின் வால்வுகளை வாழ்நாள் முழுதும் ஊனப்படுத்தும். ஒன்பது நாட்களுக்குள் பெனிசிலின் தொடங்கின் இதனைத் தடுக்கலாம். அந்த ஒன்பது நாளும் தெளிமருந்தால் நோவை அடக்கிக்கொண்டு வகுப்புக்குச் சென்றுவந்த மாணவன், தடுக்கக்கூடிய காலத்தையே இழந்தவனாகிறான்.

வாய்ப்புண்ணும் இத்தகையதே. மூன்று வாரம் ஆகியும் ஆறாத புண்ணை மருத்துவர் காணவேண்டும். புகையிலையோ பாக்கோ மெல்லும் பழக்கம் உடையாரிடத்து அது புற்றுநோயின் தொடக்கமாகவும் இருக்கலாம். உமிழ்நீரையும் விழுங்க இயலாமை, வாய் திறக்க இயலாமை, மூச்சுத் திணறல் இவை தோன்றின் மூன்று வாரமன்று, மூன்று மணியும் காத்திராது மருத்துவமனை செல்லவேண்டும்.

பாடகர் குழுவில் உள்ளார்க்கு ஒரு சொல். கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு முன்னாள் குரல் கம்மினால், மரப்பு மருந்து தெளித்துக்கொண்டு பாடலாம் என்று தோன்றும். வீங்கிய குரல் நாண்களுக்குத் தெளிமருந்து மெலிவைத் தருவதன்று; அவை படும் துன்பத்தை உரைக்கும் உணர்வையே அஃது அடக்குவது. உச்ச சுரத்தில் அவை கிழிபட்டுக் குருதி கசியினும் பாடுவோன் அறியான். அன்று அவன் வரிசையில் நின்று, ஏட்டைப் பிறர்க்குப் புரட்டிக் கொடுத்தல் நன்று; ஈஸ்டருக்குள் குரல் திரும்பிவிடும்.