பனி வருமுன் உலையைப் பார்!

மாரி தொடங்குமுன் கூரையிலே ஒழுக்கு உண்டோ என்று பார்த்து அடைத்துவிடுவது நம் நாட்டு வீடுகளின் பழைய வழக்கம். அடைமழையின் நடுவே கூரையில் ஏற நேர்ந்தவன் படும் பாட்டை நாம் அறிவோம். கனடா தேசத்து வீடுகளுக்கும் இத்தகைய முன்யோசனை வேண்டியிருக்கிறது. ஆனால் அங்கே வரப்போவது மழையன்று, பனி. முதலிற் பார்க்கவேண்டியது கூரையன்று, நிலவறையிலே இருக்கும் உலை.

1983ஆம் ஆண்டுக்குப் பின்னர் நம்மவர் பல்லாயிரவர் ரொறன்ரோ நகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் குடியேறினர். அங்கே மகனோ மகளோ பேரப்பிள்ளையோ வாழும் குடும்பங்கள் நம்மிடையே பல. மேற்படிப்புக்காகப் புறப்படும் மாணவரும் உளர். ஆகவே அந்நாட்டு வீடுகள் எவ்வாறு சூடாக்கப்படுகின்றன, அதிலே அஞ்சவேண்டியது யாது என்பவற்றை இங்கிருப்போரும் அறிந்திருத்தல் நன்று.

நிலவறையில் ஓர் அடுப்பு

நுவரெலியாவிலே புல்லின்மேல் உறைபனி படர்ந்தால் நமக்கு அது ஒரு செய்தி. ரொறன்ரோவிலோ கடுங்குளிர் இரவுகளில் வெப்பநிலை பூச்சியத்திற்குக் கீழே 20 பாகை செல்சியஸ் வரை இறங்குவதும் உண்டு. சூடில்லாத வீட்டிலே மனிதர் வாழ முடியாது; நீர்க்குழாய்களும் உறைந்து வெடித்துவிடும்.

அங்குள்ள வீடுகளிற் பெரும்பாலானவற்றில் இயற்கை வாயுவினால் எரியும் உலை ஒன்று இருக்கிறது. நம்மவர் அதனை 'பேர்னஸ்' என்றே சொல்லுவர். உலோக அறைகளுக்குள்ளே வாயு எரிகிறது. வீட்டின் காற்றை ஒரு விசிறி இழுத்து, சூடேறிய அந்த உலோகத்தின் வெளிப்புறத்தின்மீது செலுத்தி, குழாய்கள் வழியே அறைதோறும் அனுப்புகிறது. எரிந்த புகையோ வேறொரு குழாய் வழியாக வெளியே போய்விடுகிறது. தீயின் புகைக்கும் நாம் சுவாசிக்கும் காற்றுக்கும் இடையே நிற்பது மெல்லியதோர் உலோகச் சுவர் மாத்திரமே. இதனை மறவாதிருந்தால், செய்யவேண்டியவை யாவும் தாமே விளங்கும்.

செப்டெம்பரிற் செய்யவேண்டியவை

முதலாவது, காற்று வடிகட்டி. தூசி நிறைந்த வடிகட்டி காற்றைத் தடுக்கிறது. உலோகம் அளவுக்குமீறிச் சூடேறி நாளடைவில் வெடிப்பும் காணலாம். ஓரங்குலத் தடிப்புள்ள சாதாரண வடிகட்டியை ஒன்று முதல் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். மாற்றுமுன் உலையின் மின்சாரத்தை நிறுத்துக. வடிகட்டியின் ஓரத்திலுள்ள அம்புக்குறி உலையை நோக்கி இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, சோதனை. குளிர் வருமுன்னரே ஒருநாள் உலையை இயக்கிப் பார்க்கவேண்டும். கோடையிற் படிந்த தூசி கருகுவதனால் முதலிற் சிறிது மணம் எழும்; அது விரைவில் அடங்கிவிடும். அடங்காவிடின் உலையை நிறுத்திவிட்டுத் தொழில் அறிந்தவரை அழைப்பதே முறை.

மூன்றாவது, வெளிச்சுவரிலுள்ள புகைக்குழாய். குருவிக்கூடு, சருகு முதலியன அதனை அடைத்திருக்கலாம். பனிக்காலத்திலோ பனிக்குவியலே அதனை மூடிவிடும். ஒவ்வொரு பெரும்பனிக்குப் பின்னரும் வெளியே சென்று பார்த்தல் அவசியம்.

நான்காவது, ஆண்டுக்கொருமுறை உரிமம் பெற்ற தொழில்நுட்பவியலாளரின் பரிசோதனை. உலோக அறையில் வெடிப்பு உண்டோ, சுவாலை நீலமாக எரிகிறதோ என்று அவர் பார்ப்பார். மஞ்சட் சுவாலை பெரும்பாலும் குறை எரிவின் அடையாளம். இவ்வேலையிலே சிக்கனம் கூடாது.

மணமில்லாத எமன்

குறை எரிவினாற் பிறப்பது காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஈமோகுளோபினை அது ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான வலிமையுடன் பற்றிக்கொள்கிறது. தலைவலி, தலைச்சுற்று, குமட்டல், சோர்வு என்பன தோன்றும். தடிமன் காய்ச்சல் என்று எண்ணிப் படுத்தவர் எழாமலே போவதும் உண்டு. வீட்டிலுள்ளோர் எல்லோருக்கும் ஒரேவேளையில் தலைவலித்து, வெளியே சென்றதும் அது குறையுமாயின், உடனே ஐயுறவேண்டும்.

ஒன்ராரியோ மாகாணத்து வூட்ஸ்ரொக் நகரிலே 2008 டிசம்பரில் பெற்றோரும் இரு பிள்ளைகளுமாக ஒரு குடும்பத்தினர் நால்வரும் இவ்வாறே மாண்டனர். தாய் ஒரு பொலிஸ் அதிகாரி. வீட்டிலிருந்த வாயுக் கணப்பின் புகைவழி அடைபட்டிருந்தது. நச்சுவாயுவை அறிவிக்கும் கருவியோ வீட்டில் இல்லை. அக்குடும்பத்தின் பெயராலேயே ஹோக்கின்ஸ்-ஜினியாக் சட்டம் 2013இல் நிறைவேறிற்று. எரிபொருட் சாதனமுள்ள வீடுகளிற் படுக்கை அறைகளின் அருகே எச்சரிக்கைக் கருவி இருத்தல் வேண்டும் என்னும் விதி 2014 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது.

பெற்றோருக்கும் மாணவருக்கும்

இங்கிருந்து செல்லும் மாணவர் பலர் முதலிலே குடியேறுவது 'பேஸ்மென்ற்' எனும் நிலவறை வாடகை அறையில். உலை பெரும்பாலும் அதற்கு அடுத்த அறையிலேயே இருக்கும். ஆகவே வாடகையைக் கேட்கும்போதே மூன்று கேள்விகளையும் கேட்கவேண்டும். படுக்கையின் அருகே எச்சரிக்கைக் கருவி உண்டோ? அதன் ஆயுட்காலம் முடிந்ததோ? உலையை இவ்வாண்டு யாரேனும் பரிசோதித்தனரோ? உலையின் அருகே துணியும் பெட்டியும் அடுக்கலாகாது. குளிருக்காக அறையினுள் கரியடுப்பு மூட்டவே கூடாது. கருவி ஒலித்தால் காரணத்தைத் தேடி நில்லாமல் எல்லோரும் வெளியேறி 911 என்னும் எண்ணை அழைக்கவேண்டும்.

புதிதாய் வந்த பிள்ளை வீட்டுக்காரரிடம் இவற்றைக் கேட்கக் கூச்சப்படும். இருப்பதற்கு இடம் கிடைத்ததே போதும் என்று எண்ணும். அக்கூச்சத்தைப் போக்கவேண்டியவர் பெற்றோரே. குளிர் தொடங்கும் காலத்தில் தொலைபேசியிற் பேசும் தாய்மார், "சாப்பிட்டாயா, சட்டை போட்டாயா?" என்று கேட்பது வழக்கம். அத்துடன், "அந்த மணி வேலை செய்கிறதா, அழுத்திப் பார்த்தாயா?" என்றும் கேட்பார்களாக. கடல் கடந்து செய்யக்கூடிய காவல் இது. செய்வதற்கு ஒரு நிமிடமும் ஆகாது.