இரைச்சலைக் கேட்டுப் பேசும் பொறி

நூலகத்தில் இரைச்சல் மிகும்போது மேசையைத் தட்டி அமைதி கோருவது வழக்கம். அப்பணியைக் கணினியிடம் ஒப்படைக்கலாமா? எங்கள் பாடசாலையின் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் அதற்கென ஒரு செய்நிரல் எழுதினான். அது இயங்கும் முறையையும், அதனால் யான் கற்றதையும் இன்று கூற விழைகின்றேன்.

ஒலி என்பது காற்றின் அதிர்வு. ஒலிவாங்கி அதனை மின் மாறுதலாக்குகின்றது. கணினி அம்மாறுதலைப் பெரும்பாலும் செக்கனுக்கு 44,100 முறை அளந்து எண்களாகக் குறிக்கின்றது. 16 இரும இலக்கங்களில் எழுதினால், ஒவ்வோர் எண்ணும் -32,768 முதல் 32,767 வரை அமையும். அதிர்வு முன்னும் பின்னும் அசைவதால், நேர் எண்களும் மறை எண்களும் கலந்தே வரும். அவற்றை அப்படியே கூட்டிச் சராசரி கண்டால் ஏறக்குறையப் பூச்சியமே எஞ்சும். ஆகவே ஒவ்வொன்றையும் வர்க்கித்து, சராசரி கண்டு, வர்க்கமூலம் எடுத்தல் வேண்டும். அதுவே அந்நேரத்து இரைச்சலின் அளவு.

இவ்வளவு டெசிபல் அன்று. தரப்படுத்திய கருவியோடு ஒப்பிட்டாலன்றி அதனை டெசிபலாகக் கூறலாகாது. எனவே மாணவன் வேறொரு வழி கண்டான். செய்நிரல் தொடங்கியதும் மின்விசிறி சுழலும் வெறும் அறையின் ஓசையைச் சிறிது நேரம் அளந்து, அதனினும் பன்மடங்கு உயர்ந்த எண்ணை எல்லையாக வகுத்தான்.

முதல் நாள் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. “அமைதி காக்கவும்” என்று பொறி உரைத்தது. தன் குரலையே ஒலிவாங்கி வழியாகக் கேட்டு, மீண்டும் உரைத்தது, ஓயவேயில்லை! பேசும்பொழுது கேளாதிருக்குமாறு விதித்த பின்னரே அது அடங்கியது. நாற்காலி விழும் ஓசைக்கும் அது சினந்தது. மூன்று செக்கன்களில் எடுத்த அளவுகளுட் பெரும்பாலானவை எல்லை கடந்தால் மட்டும் பேசுக என்று இன்னொரு விதி சேர்ந்தது. பிள்ளைகளின் பேச்சைச் சேமியாது, எண்ணைக் கணித்தவுடன் ஒலியை அழித்துவிடவும் ஏற்பாடு செய்தோம்.

எல்லாம் செம்மையாயிற்று என்று மகிழ்ந்திருந்தோம். ஒரு நாள், வாசிக்கத் தடுமாறும் சிறுவன் ஒருவன் மூலையில் அமர்ந்து எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தான். ஒரு பந்தி பிழையின்றி வந்ததும் அவன் குரல் உயர்ந்தது. பொறி உடனே அமைதி கோரியது. சிறுவன் புத்தகத்தை மூடிவிட்டான்.

செய்நிரலில் யாதொரு பிழையும் இல்லை. விதித்தவாறே அது செய்தது. ஒலியின் பருமனை அளக்கக் கற்பித்தோம். வீண் அரட்டையையும் படிப்பையும் பிரித்தறிய அதற்குக் கற்பித்திலோம். மறுநாள் மாணவன் செய்நிரலை மாற்றினான். இப்பொழுது எல்லை கடந்தால் நூலகரின் திரையில் ஓர் அறிகுறி தோன்றும். அவர் தலைநிமிர்ந்து பார்த்து, தேவையெனக் கண்டு விசையை அழுத்தினால் மட்டுமே பொறி பேசும்.

அச்சிறுவன் மீண்டும் வரச் சில நாட்கள் சென்றன. வந்தபோது, உரக்கப் படிப்போருக்கென விறாந்தையில் ஒரு வாங்கு போட்டிருந்தோம்.