கோயிலுக்குப் போகாதவளுக்குப் பக்தி இல்லையா?

தமிழ்நாட்டில் பக்தி குறைந்து போச்சு என்று பத்திரிகைகளில் ஒரு நாள் எழுதுகிறார்கள். இன்னொரு நாள் திருவொற்றியூர் வடிவுடையம்மன் சந்நிதிக் கூட்டத்தைப் படம் போட்டு, 'பக்தி வெள்ளம்' என்கிறார்கள். எதைத்தான் நம்புவது, சொல்லுங்கள்!

முதல் பேச்சுக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் ப்யூ ஆய்வு மையம், 2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும் நம் நாட்டில் ஏறக்குறைய 30,000 பேரை நேரில் கேட்டு, 2021 ஜூனில் முடிவை வெளியிட்டது. தினமும் பிரார்த்தனை செய்கிறவர்கள் நாடு முழுக்க நூற்றுக்கு 60 பேர். தென்னிந்தியாவில் 37 பேர்தானாம்.

அதே கேள்வியை எங்கள் நெட்டுக்குப்பத்தில் மீன் விற்கும் ஓர் அக்காவிடம் கேட்டேன்.

"தினம் சாமி கும்புடுவீங்களாக்கா?"

"எனக்கு ஏதும்மா நேரம்? விடியறதுக்குள்ள மீன் எடுக்கப் போவணும். வித்துட்டு வந்தா சோறாக்கணும்."

ஆக, அக்கா 'இல்லை' கணக்கில் சேர்ந்தாச்சு. ஆனால் கடலில் காற்று ஏறினால், வீட்டுக்காரரின் படகு முகத்துவாரம் தாண்டி வருகிறவரை மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து அம்மன் படத்தடியில் வைத்திருப்பவள் அவள்தான். "இது பிரார்த்தனை இல்லையா?" என்றேன். "அதுவா? அது எப்பவும் செய்யறதுதானேம்மா" என்று சிரித்தாள்.

அமெரிக்காவில் நேர்மாறு! வாராவாரம் சர்ச்சுக்குப் போகிறோம் என்று நூற்றுக்கு 40 பேர் கருத்துக்கணிப்பில் சொல்லி வந்தார்கள். 1993-இல் மூன்று ஆய்வாளர்கள் வந்தவர்களின் தலையை எண்ணிப் பார்த்தால், ஏறக்குறைய அதில் பாதிதான். அங்கே போகாதவரும் போனேன் என்கிறார். இங்கே கும்பிடுகிறவளே இல்லை என்கிறாள்.

சரி, கூட்டத்தை எண்ணினால் உண்மை தெரியுமா? பௌர்ணமியன்று காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சியில் வடிவுடையம்மன், மாலையில் வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என்று ஒரே நாளில் மூவரையும் தரிசிப்பது நம் பக்கத்து வழக்கம். வெள்ளிக்கிழமை பௌர்ணமி என்றால் கேட்கவே வேண்டாம். என் நாத்தனார் ஒருத்தியே மூன்று கோயிலிலும் மூன்று தலையாகிவிடுவாள்! (சர்க்கரை உள்ள சகோதரிகள் இதைப் பட்டினியோடு சுற்ற வேண்டாம், டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.) அந்தக் கூட்டத்தில் இருப்பவர்கள் பஸ்ஸுக்குக் காசும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளும் உள்ளவர்கள். மாத நாட்களில் இருப்பவள், சாவுத் தீட்டு உள்ளவள், படுத்த படுக்கையான மாமியாருக்குக் கஞ்சி ஊட்டுகிறவள், இவர்களெல்லாம் எந்தப் படத்திலும் இல்லை. பெண்களைக் கோயிலுக்குப் போகவிடாமல் வைக்கும் காரணங்களில் பாதி, வீட்டு வேலையும் வீட்டுக் கட்டுப்பாடும்தான். அதைப் பக்திக் குறைவு என்று எழுதினால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

2020-இல் கொரோனாவுக்காக மார்ச் மாதம் கோயில்களில் தரிசனத்தை நிறுத்தினார்கள். செப்டம்பரில்தான் சென்னையில் மறுபடி விட்டார்கள். ஆடி மாதம் முழுக்கக் கணக்கெடுத்திருந்தால் பூஜ்யம்தான். எங்கள் தெருவில் மட்டும் முதல் நாளே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைத்து, மறுநாள் நொய் போட்டுக் கூழ் காய்ச்சினோம். வாசலில் வேப்பிலை செருகிப் படைத்தோம். முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும் வைத்து, கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு, மதில் மேலாகச் சொம்பு சொம்பாகப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தோம்.