கள்ளுக்கடை முன் நின்ற நாகம்மையார்

1877 முதல் 1881 வரை அமெரிக்க அதிபராக இருந்தவர் ரூதர்ஃபோர்டு ஹேய்ஸ். அவர் காலத்தில் வெள்ளை மாளிகை விருந்துகளில் மது கிடையாது. அந்த முடிவை எடுத்தவர் ஹேய்ஸ்தான் என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள். பேர் என்னவோ மனைவி லூசிக்குத்தான் வந்தது. கல்லூரிப் படிப்பை முடித்த முதல் அதிபர் மனைவி அவர். உள்நாட்டுப் போரில் காயம்பட்ட வீரர்களைப் பராமரித்தவர். ஆனாலும் 'லெமனேட் லூசி' என்ற கேலிப் பெயரே நிலைத்துவிட்டது.

ஈரோட்டில் நடந்தது இதற்கு நேர்மாறு. அங்கே மனைவி பட்ட பாடெல்லாம் கணவரின் கணக்கில் போய்ச் சேர்ந்தது. தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைவராக இருந்த பெரியாரின் மனைவி நாகம்மையாரைத்தான் சொல்கிறேன்.

இரண்டு பெண்களின் மறியல்

1885இல் பிறந்தவர் நாகம்மையார். 13 வயதில் திருமணம். பிறந்த ஒரே பெண் குழந்தையும் ஐந்து மாதத்தில் இறந்துபோனது. கணவர் காங்கிரசில் சேர்ந்து கதர் உடுத்தியபோது இவரும் கதருக்கு மாறினார்.

1921இல் கள்ளுக்கடை மறியல் வந்தது. கள் இறக்க உதவக் கூடாதென்று, சேலம் தாதம்பட்டியில் தமக்கிருந்த தோப்பில் 500க்கும் மேற்பட்ட தென்னை மரங்களைப் பெரியார் வெட்டிச் சாய்த்தார். மறியலில் அவர் சிறைக்குப் போனதும், நாகம்மையாரும் பெரியாரின் தங்கை கண்ணம்மாளும் கடைகளின் முன் வந்து நின்றார்கள். வசதியான வணிகக் குடும்பத்துப் பெண்கள் தெருவில் இறங்கி மறியல் செய்வதை அன்றைக்கு யாரும் எதிர்பார்க்கவில்லை. மறியலை நிறுத்தும்படி கேட்டவர்களிடம், அது ஈரோட்டில் உள்ள இரண்டு பெண்களின் கையில் இருக்கிறது என்று காந்தி சொன்னதாக இன்றும் பேசப்படுகிறது.

நம் கடலூர் முதுநகரின் அஞ்சலையம்மாளும் அதே காலத்தில்தான் ஒத்துழையாமை இயக்கத்தில் இறங்கினார். 1927இல் சென்னையில் ஆங்கிலேயத் தளபதி நீலின் சிலையை அகற்றக் கோரிய போராட்டத்தில் சிறை சென்றார். பெண்கள் வாசற்படி தாண்டிய காலம் அது.

வைக்கமும் சமையற்கட்டும்

1924இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் ஈழவர்களும் புலையர்களும் நடக்கக் கூடாது என்ற தடையை எதிர்த்துச் சத்தியாக்கிரகம் நடந்தது. அதில் பெரியார் இருமுறை சிறைப்பட்டார். நாகம்மையார் அங்கே போய்ப் பெண்களைத் திரட்டிச் சத்தியாக்கிரகத்தில் நின்றார்.

வீட்டுக்குள் அவர் செய்ததும் அதே அளவு பெரிய வேலை. வைதிக வைணவக் குடும்பத்து மருமகள் அவர். இயக்கத்தை நாடி ஈரோடு வந்தவர்கள் எந்தச் சாதியாக இருந்தாலும் அவர் கையால் சாப்பிட்டுத்தான் போவார்கள். சாதி ஒழிப்பை மேடையில் பேசுவது ஒன்று. எல்லாரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்து, வேளைக்கு வேளை சோறு போடுவது இன்னொன்று. இரண்டாவதைச் செய்தவர்களின் பெயரை வரலாறு குறித்து வைப்பதில்லை.

கணவர் எழுதிய இரங்கல்

1933 மே 11இல், 48 வயதில் நாகம்மையார் காலமானார். அதைப் பற்றிக் 'குடி அரசு' இதழில் பெரியார் எழுதியதில் ஒளிவுமறைவே இல்லை. பெண் விடுதலையைப் பற்றி ஊருக்கெல்லாம் பேசிய தாம், அதில் நூற்றில் ஒரு பங்கைக்கூட நாகம்மாளிடம் கடைப்பிடித்ததாகச் சொல்லிக்கொள்ளத் தமக்கு யோக்கியதை இல்லை என்று ஒப்புக்கொண்டார். மனைவி இறந்த மறுநாளே திருச்சிக்குப் போய், தடையை மீறித் திருமணம் ஒன்றை நடத்திவைத்துக் கைதானார்.

ஒரு தலைவர் தம் மனைவிக்குப் பட்ட கடனை இவ்வளவு வெளிப்படையாக எழுதியது அபூர்வம். அந்தக் கடன் நமக்கும் உண்டு.

கீரப்பாளையத்திலிருந்து பஸ் ஏறிச் சிதம்பரத்துக்குப் படிக்கப் போகும் பெண்களில் பலர், அவர்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிப்பவர்கள். மாணவிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை தரும் அரசுத் திட்டம் ஒன்று ஈ.வெ.ரா. நாகம்மையார் பெயரில்தான் இருக்கிறது. விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கும் அன்றைக்கே, அந்தப் பெயருக்கு உரியவர் யார், எந்தத் தெருவில் எதற்காக நின்றார் என்று கல்லூரிகள் பத்து நிமிஷம் சொல்லிக்கொடுக்க வேண்டும். கிராமங்களில் மதுக்கடையை எடுக்கச் சொல்லி இன்று மறியலில் உட்காரும் பெண்களுக்கும் அவர்தான் முன்னோடி. யாருக்கு மனைவி என்பதை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.