முதுகு வலியும் நரம்புச் சோதனைகளும்

மட்டாஞ்சேரிக் கடைவீதியில் மூட்டை சுமப்போர், கொச்சிக் கோட்டைத் தோபிகானாவில் குனிந்து நின்று துணி வெளுப்போர், நாள் முழுதும் அமர்ந்து கணக்கெழுதுவோர் ஆகிய நம்மவர் யாவரையும் ஒன்றுபோல் வருத்துவது முதுகு வலி. உழைத்தால்தான் அன்றைய அடுப்பு எரியும் என்னும் குடும்பத்தில் இது உடல் நோய் மட்டுமன்று. வருவாய்க்கு வந்த நோயுமாகும். இத்தகையோர் சிலர் வலி கண்ட மறுநாளே கடன் வாங்கிப் பெரிய படங்களை எடுத்துக் கொள்கின்றனர். வேறு சிலர் கால் மரத்துத் தளர்ந்த பின்னும் தைலம் பூசிக் காலங் கடத்துகின்றனர். இரண்டும் தீங்கே. எந்தச் சோதனை எதைக் காட்டும் என்பதை அறிந்து கொண்டால் இவ்விரு தீங்கினின்றும் தப்பலாம்.

முதலாவது எக்ஸ்ரே. 1895ஆம் ஆண்டு ஜெர்மனியில் ராண்ட்ஜன் கண்டறிந்த இக்கதிர் எலும்பை நன்கு காட்டும். முறிவு, தேய்வு, வளைவு ஆகியவை தெரியும். முள்ளெலும்புகளுக்கிடையே மெத்தை போல் அமைந்த டிஸ்க் என்னும் தட்டும், நரம்பும் அதில் தெரியா.

அடுத்தது சி.டி. ஸ்கேன். உடலைச் சுற்றிப் பல கோணங்களில் கதிரைச் செலுத்திக் குறுக்குவெட்டுத் தோற்றத்தைக் கணிப்பொறியால் அமைப்பது இது. இதில் நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி ஒன்றுண்டு. 1922ஆம் ஆண்டு இதே எர்ணாகுளத்தில், தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்தவர் ஜி. என். ராமச்சந்திரன். பல கோணத்து நிழல்களை அப்படியே ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டினால் உருவம் மங்கிப்போகும். ஒவ்வொரு நிழலையும் முதலில் ஒரு கணக்கினால் திருத்திப் பின்னர்க் கூட்டினால் தெளிவுறும். அந்தக் கணித முறையை அவரும் ஏ. வி. லட்சுமிநாராயணனும் 1971இல் வெளியிட்டனர். ஸ்கேன் துறையில் அது இருவர் பெயராலும் வழங்குகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்தபோது, 1954இல், கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து கொல்லாஜன் என்னும் புரதம் மூன்றிழை முறுக்காக அமைந்தது என எடுத்துக் காட்டியவரும் இவரே. நம் முதுகுத் தட்டின் உறுதியான வெளிவளையம் பெரிதும் அந்தக் கொல்லாஜனால் ஆனதே!

தட்டையும் தண்டுவடத்தையும் நரம்பு வேரையும் தெளிவாகக் காட்டுவது எம்.ஆர்.ஐ. இதில் எக்ஸ் கதிர் இல்லை; வலிய காந்தமும் வானொலி அலையுமே உண்டு. பேரொலி கேட்கும், ஏறத்தாழ அரைமணி நேரம் அசையாது படுத்திருத்தல் வேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவரும், உடலில் உலோகத் துண்டு உள்ளவரும் முன்னதாகவே அதைச் சொல்லிவிட வேண்டும். எம்.ஆர்.ஐ. இயலாதவர்க்கு முதுகு நீரில் மருந்து செலுத்திப் படமெடுக்கும் மைலோகிராம் என்னும் பழைய முறை இன்றும் உதவுகிறது.

தண்டவாளத்தைப் பார்வையிடுவது வேறு. அதன்மீது வண்டி உரிய வேகத்தில் ஓடுகிறதா என்று பார்ப்பது வேறு. படங்கள் முன்னதைச் செய்கின்றன. நரம்பு மின்சோதனை பின்னதைச் செய்கிறது. தோலின்மீது சிறு மின் அதிர்வு கொடுத்து, செய்தி நரம்பில் செல்லும் வேகத்தை அளக்கிறார்கள். நலமுள்ளவர்க்குக் கையில் நொடிக்கு ஏறத்தாழ 50 மீட்டரும், காலில் 40 மீட்டரும், அவற்றிற்கு மேலும் இருக்கும். கைவிரல் மரத்துப்போவது கழுத்து நரம்பு அழுந்தியதாலா, மணிக்கட்டில் நரம்பு நெரிந்ததாலா என்று பிரித்தறிய இது பெரிதும் துணைபுரியும். நீரிழிவினால் நரம்பு கெட்டதையும் காட்டும். ஈ.எம்.ஜி. என்பது மெல்லிய ஊசியைத் தசையில் செலுத்தி மின்னியக்கத்தைக் காணும் சோதனை. நரம்பு கெட்டதன் அறிகுறி தசையில் முழுமையாகத் தோன்ற மூன்று வாரமளவு ஆகும். ஆதலால் மிக முந்திச் செய்தால் பயன் குறையும். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போர் அதை மருத்துவரிடம் கூற வேண்டும்.

ஆயினும், படத்தில் கண்ட குறையெல்லாம் நோயன்று. 1994இல் அமெரிக்காவில் முதுகு வலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தனர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குத் தட்டுப் பிதுக்கம் காணப்பட்டது! எனவே, "தட்டு பிதுங்கியிருக்கிறது" என்ற ஒரு வரியைக் கண்டு நடுங்கி அறுவைக்கு ஓடலாகாது. மருத்துவர் கைகால் வலிமையையும் உணர்ச்சியையும் தட்டிப் பார்த்தறிந்ததோடு படம் ஒத்துவர வேண்டும். சாதாரண முதுகு வலி பெரும்பாலும் ஆறு வாரத்திற்குள் படமின்றியே தணியும். படுத்தே கிடவாமல் இயன்ற அளவு நடமாடுவது நன்று.

ஒருகணமும் தாமதிக்கலாகாத நிலையும் உண்டு. சிறுநீர் அல்லது மலம் அடக்க முடியாமை, சிறுநீர் கழியாமை, தொடைகளின் இடைப்பகுதி மரத்தல், கால்வலிமை விரைந்து குன்றுதல் ஆகியவை தோன்றினால் அன்றே பெரிய மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். வலியோடு காய்ச்சல், காரணமற்ற உடல் மெலிவு, முன்பு புற்றுநோய் கண்டமை, விழுந்து அடிபட்டமை ஆகியன இருப்பினும் காத்திருத்தல் தகாது.

இறுதியாக ஒரு சொல். இங்கொரு மருத்துவரையும், விடுமுறையில் சொந்த ஊரில் வேறொரு மருத்துவரையும் காண்பது நம் வழக்கம். பழைய படங்களையும் அறிக்கைகளையும் ஒரே உறையிலிட்டுத் தேதி வரிசையில் வைத்து, செல்லுமிடமெல்லாம் உடன் கொண்டு செல்லுங்கள். அதே சோதனைக்கு இருமுறை பணம் கட்டும் இடர் தீரும். நோய் வளர்ந்ததா, தணிந்ததா என்பதும் மருத்துவர்க்கு எளிதில் விளங்கும்.