கோயிலையும் வயலையும் தாங்கும் நிலத்தடி நீர்

கம்போடியா நாட்டில் சியெம் ரீப் நகருக்கு வடக்கே சுமார் 6 கிலோமீட்டர் தொலைவில் அங்கோர் வாட் கோயில் உள்ளது. 12-ம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்காக எழுப்பிய கோயில் இது. 2019-ம் ஆண்டில் மட்டும் சுமார் 22 லட்சம் வெளிநாட்டவர் அங்கோர் கோயில்களைக் காண நுழைவுச் சீட்டு வாங்கினர். இவர்கள் தங்குவதற்காக நகரைச் சுற்றி ஏராளமான விடுதிகள் எழுந்துள்ளன. 2015-ல் திறக்கப்பட்ட 'பூம் பைத்தாங்' என்னும் சொகுசு விடுதி அவற்றுள் ஒன்று. சுமார் 20 ஏக்கர் பரப்பில் 45 வீடுகள். இடையே நெல் வயல்களும் காய்கறித் தோட்டமும் உள்ளன. இப்பெயருக்குக் கெமர் மொழியில் 'பச்சைக் கிராமம்' என்று பொருள்.

விடுதிக்குள் வயல் இருப்பது நல்லதே. ஆயினும் ஒரு விடுதி இயற்கைக்கு உகந்ததா என்பதை அதன் தண்ணீர்க் கணக்கே சொல்லும்.

மணல் மேல் நிற்கும் கோயில்

அங்கோர் கோயில்களின் கற்களுக்கு அடியில் இருப்பது பாறை அன்று; இடித்துக் கெட்டிப்படுத்திய மணல். ஈர மணல் பாரம் தாங்கும். நீர்மட்டம் கீழே இறங்கினால் மண் அமுங்கும். அதுவும் ஒரே சீராக அமுங்காது. அப்போது சுவர் விரிசல் காணும். நகரில் ஆழ்துளைக் கிணறுகள் பெருகுவதைக் கண்டு வல்லுநர்கள் அஞ்சுவது இதனால்தான்.

இங்கு மழை பெரும்பாலும் மே முதல் அக்டோபர் வரை பெய்கிறது. பயணிகள் மிகுதியாக வருவதோ நவம்பர் முதல் மார்ச் வரை. நீர்மட்டம் இறங்கும் காலத்தில்தான் விடுதிகளின் தேவை ஏறுகிறது. அதே நீரைத்தான் சுற்றுப்புற விவசாயிகளின் கிணறுகளும் நம்பியுள்ளன.

முன்னோர் கண்ட வழி

கெமர் மன்னர்கள் மழைநீரைத் தேக்க 'பராய்' எனப்படும் பெரிய ஏரிகளை அமைத்தனர். மேற்குப் பராய் சுமார் 8 கிலோமீட்டர் நீளமும் 2 கிலோமீட்டர் அகலமும் கொண்டது. இன்றும் அது தெற்கிலுள்ள வயல்களுக்குப் பாசன நீர் தருகிறது. பல நூற்றாண்டுகள் வறண்டு கிடந்த வடக்குப் பராயில் 2000-களின் இறுதியில் மீண்டும் நீர் தேக்கப்பட்டது. கோயில்களைப் பராமரிக்கும் அப்சரா ஆணையம் பழைய வாய்க்கால்களையும் அகழிகளையும் சீர்செய்தது. ஏரி நிறைந்தால் ஊற்று ஊறும். கோயிலின் அடிமணலும் ஈரம் காக்கும்.

கணக்குப் பார்ப்பது எப்படி?

ஒரு ஏக்கரில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 40,000 லிட்டர் நீர் விழுகிறது. ஆண்டுக்கு 140 சென்டிமீட்டர் மழை பெறும் 20 ஏக்கர் நிலத்தில் விழுவது சுமார் 11 கோடி லிட்டர். இதில் எவ்வளவு மண்ணுக்குள் இறங்குகிறது என்பதே கேள்வி. சிமெண்டுத் தளத்தில் விழுந்த நீர் ஓடிவிடும். வரப்புக் கட்டிய வயலோ சிறு ஏரி போன்றது. 5 சென்டிமீட்டர் உயரம் நீர் நின்றாலே ஏக்கருக்கு 2 லட்சம் லிட்டர். மணற்பாங்கான நிலமானால் அதில் நல்ல பங்கு கீழே இறங்கிவிடும். எனவே விடுதியிலுள்ள வயல் கண்ணுக்கு அழகு மட்டுமன்று, மழையைச் சேர்க்கும் இடமும் ஆகும். கோடையில் ஆழ்துளைக் கிணற்று நீரைக் கொண்டே அந்த வயலைப் பசுமையாக வைத்தால் கணக்குத் தலைகீழாகிவிடும்.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

* மழை தொடங்குமுன் வரப்புகளை உயர்த்தி, எலி வளைகளை அடைக்கவும்.
* ஏரியின் வரத்து வாய்க்காலை ஊர் கூடித் தூர் வாரவும்.
* மாதம் ஒருமுறை, இறைப்பதற்கு முன், கல் கட்டிய கயிற்றை விட்டுக் கிணற்றின் நீர்மட்டத்தை அளந்து குறித்து வைக்கவும்.
* அருகில் விடுதியோ ஆலையோ வந்தால், எத்தனை கிணறு, எவ்வளவு நீர், கழிவுநீர் எங்கே போகும் என்று கிராம சபையில் கேட்கவும். கையில் அளவுக் குறிப்பு இருந்தால் வாதம் வலுப்பெறும்.

விடுதிக்குக் காய்கறி விற்பதால் வருமானம் உயரலாம். கிணறு வற்றினால் விற்பதற்குக் காயும் இராது.